அந்துருண்டைச் சீட்டு

சவுக்குத்தோப்பில் சவுக்கும் கிடையாது, தோப்பும் கிடையாது. ஒரு பக்கம் கம்பெனியின் மதில், மறுபக்கம் கழிவுநீர் வாய்க்கால், நடுவில் நாற்பது சொச்சம் வீடுகள். தண்ணீருக்குத்தான் பஞ்சம், காற்றுக்கு இல்லை. காலையில் அழுகிய முட்டை வாசம், மத்தியானம் நகப்பூச்சு வாசம், சாயங்காலம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு தித்திப்பு வாசம். கம்பெனிக்குப் பெயர் உண்டு, மூன்று மொழியில் பலகையும் உண்டு. ஆனால் பேட்டையில் யாரும் அதைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் கட்டின புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அப்படி ஒரு மரியாதை.

அப்பேர்ப்பட்ட பேட்டைக்கு அரசாங்கம் ஒரு நாள் வளையல் போட வந்தது. திட்டத்தின் பெயர் ‘நலக்காப்பு’. ரேஷன் கடை வாசலில் ஷாமியானா போட்டு, ரோஸ்மில்க் கொடுத்து, பிளாஸ்டிக் கவரோடு வீட்டுக்கு ஒன்றாகக் கையில் மாட்டினார்கள். விளக்கம் சொல்ல ரிதன்யா மேடம் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. மூக்கைப் பொத்தக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல, பாவம், வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பேசினார்.

“இதுல பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. ரப்பர் மாதிரி ஒரு பொருள், அவ்வளவுதான். நீங்க எந்தக் காத்துல இருக்கீங்களோ, எதைத் தொடறீங்களோ, அதுல இருக்கிற ரசாயனத்தையெல்லாம் இது உறிஞ்சி வெச்சுக்கும். உங்க உடம்புக்குள்ள என்ன போகுதுன்னு உங்களுக்குப் பதிலா இது சாட்சி சொல்லும். மாசம் ஒருக்கா வேன் வரும். மெஷின்ல வெச்சா, அது உறிஞ்சினதை அளந்து காலி பண்ணி, இந்த மணிக்கு ஒளியேத்தி அனுப்பும். அடுத்த வேன் வரைக்கும் இது பச்சையா எரியும், இல்லைன்னா சிவப்பா எரியும்.”

“சிவப்பா எரிஞ்சா?” என்று கேட்டாள் செண்பகம். பேட்டையில் சீட்டுப் பிடிப்பவள். எதையும் முடிவிலிருந்து கேட்கிற பழக்கம் அவளுக்கு.

“அளவுக்கு மேல பாதிப்புன்னு அர்த்தம். அந்தக் குடும்பத்துக்கு மலையடிவாரத்துல வீடு தருவாங்க. அடுத்த வேன் வரும்போதும் சிவப்பாவே இருந்தா, அன்னிக்கே சாவி.”

கூட்டத்தின் பின்வரிசையில் வளர்மதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இடுப்பில் வைக்கிற வயசில்லை மகிழுக்கு, ஏழாகிறது. ஆனால் ரேஷன் கடைவரை நடந்தால் அவளுக்கு நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். டாக்டர் மருந்து எழுதி எழுதி ஓய்ந்துபோய், “காத்து மாறினா சரியாயிடும்மா” என்று சொல்லிவிட்டார். காற்றை எந்த மருந்துக் கடையில் வாங்குவது என்று அவர் எழுதித் தரவில்லை. அதனால் ‘மலையடிவாரம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வளர்மதிக்கு மற்ற எதுவும் கேட்கவில்லை.

“இது என்ன விலைம்மா இருக்கும்?” என்று முன்வரிசையிலிருந்து நூர்ஜகான் கேட்டாள்.

“ஒண்ணு பன்னிரண்டாயிரம் ரூபா. உங்களுக்கு இலவசம்,” என்றார் ரிதன்யா பெருமையாக.

திட்டம் கெட்டது அந்த இடத்தில்தான். வெளிநாட்டில் படித்த நிபுணர்கள் பத்து வருஷம் உட்கார்ந்து, தண்ணீரில் கெடாத, வெயிலில் உருகாத, தீயில் கருகாத ஒரு காப்பைச் செய்திருந்தார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் யாரும் ஆராயவில்லை. டி.வி. ரிமோட்டுக்கு வந்த பிளாஸ்டிக் கவரை டி.வி. செத்த பிறகும் பிரிக்காத ஜனங்கள் நாம். புது ஸ்கூட்டர் சீட்டுக் கவரில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள். இந்தக் காப்பையா அன்றாடம் கையில் மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார்கள்? அன்று மாலையே அது கவரோடு கழற்றப்பட்டு, கல்யாணப் பட்டுப்புடவைக்கு நடுவில், பீரோவுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம், காதுகுத்து என்றால் வெளியே வரும். வேன் வருகிற நாளில் துடைத்து எடுத்து வரும்.

வளர்மதி மட்டும் காப்பைக் கழற்றவில்லை. அறிவியல் விழிப்புணர்வு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வீட்டில் பீரோ இல்லை. சீராக வந்த பீரோ மகிழை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே விற்றுப்போயிருந்தது. கவரை மகிழ் பிரித்து, பொம்மைக்குத் தொட்டில் கட்டிவிட்டாள். வைக்க இடமில்லாத பொருள் கையிலேயே கிடந்தது.

முதல் வேன் வந்தது. காப்புகள் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போய், பச்சைப் பச்சையாகத் திரும்பி வந்தன. வளர்மதியின் காப்பு உள்ளே போனதும் மெஷின் கொஞ்சம் யோசித்தது. வெளியே வந்தபோது மணி சிவப்பாக எரிந்தது.

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ அவள்தான் புகை விட்ட மாதிரி! மறுநாளே இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள். அடுப்படியைக் குடைந்தார்கள். குளிக்கிற சோப்பை மோந்து பார்த்தார்கள். “பவுடர் ரொம்பப் போடுவீங்களா?” என்று கேட்டார்கள். பவுடர் வாங்கியே ஒரு வருஷம் ஆகிறது என்று அவள் சொன்னதை நம்பாமல் பல்பொடி டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே மதில், மதிலுக்கு மேல் குழாய், குழாயிலிருந்து மஞ்சளாக ஏதோ வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் திரும்பவேயில்லை. கழுத்துச் சுளுக்கோ என்னவோ.

அந்த மாத ஆய்வின் முடிவு பேப்பரில் வந்தது. சவுக்குத்தோப்பு மக்களின் உடம்பில் ஆலை ரசாயனம் எதுவும் குறிப்பிடும்படி இல்லை. ஒன்றே ஒன்றுதான் மிதமிஞ்சி இருக்கிறது, அது அந்துருண்டை. ஆய்வாளர்கள் ஆடிப்போனார்கள். இவ்வளவு அந்துருண்டையை ஒரு மனுஷன் எப்படிச் சேர்க்க முடியும்? தின்கிறார்களா? கம்பெனி உடனே சமூகப் பொறுப்போடு ‘அந்துருண்டை ஒழிப்பு வாரம்’ கொண்டாடியது. வீட்டுக்கு வீடு, கம்பெனி முத்திரை போட்ட வேப்பிலைப் பை கொடுத்தது. அதே மேடையில், பேட்டையின் தூய காற்றுக்கு நன்றி தெரிவித்து, இரண்டாவது யூனிட்டுக்கு அடிக்கல்லும் நாட்டியது.

இத்தனைக்கும் நடுவில் வளர்மதிக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. “ஏங்க, இன்னும் ஒரு தடவை சிவப்பு வந்தாப் போதும்” என்று புருஷன் வேலாயுதத்திடம் தினமும் சொன்னாள். அவன் கொத்தனார். எங்கே போனாலும் கரண்டி பிடிக்கலாம். மலையடிவாரத்தில் மகிழ் ஓடுகிற மாதிரி அவள் கனவுகூடக் கண்டாள். கனவில் மகிழுக்கு மூச்சு வாங்கவேயில்லை.

கூடப்பிறக்காத அக்காவிடம் சொல்லாமல் எப்படி? செண்பகத்தின் வீட்டுக்குப் போனாள். செண்பகம் பீரோவைத் திறந்து, “இந்தாடி, புது வீட்டுக்குப் போறப்ப கட்டிக்க” என்று ஒரு புடவையை எடுத்தாள். அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. புடவைக்குக் கீழே, கவரோடு, பச்சை மணி எரிய, காப்பு படுத்திருந்தது.

வளர்மதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இதைக் கையில போடறதில்லையா நீ?”

“பன்னிரண்டாயிரம் ரூபாடி. வாய்க்காத் தண்ணில விழுந்துதுன்னா?”

“எல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்காங்களா?”

“பின்னே? உன்னாட்டம் தாறுமாறா மாட்டிக்கிட்டுத் திரிவாங்களா?”

வீட்டுக்கு வந்து வேலாயுதத்திடம் சொன்னாள். அவன் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். “மதி, நான் சொல்றதைக் கேளு. சாவி கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க.”

“எல்லாரும் போட்டுக்கிட்டா எல்லாருக்கும் சிவப்பு வரும்ல? எல்லாருக்கும் வீடு கிடைக்கும்ல?”

“கிடைக்கட்டும். நாம போன பிறகு போன் போட்டுச் சொல்லிக்கலாம்.”

அவன் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் நூர்ஜகானின் மாமனார் ராத்திரி முழுக்க இருமுவது சுவர் தாண்டிக் கேட்கும். எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி. தெரிந்த விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் குழாயடியில் சொல்லிவிட்டாள். குழாயடியில் சொன்னால் போதும், தண்ணீருக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

பேட்டையே கவரைப் பிரித்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தெரு கேட்டதில்லை. பீரோக்கள் திறந்தன, காப்புகள் கைக்கு வந்தன. மஞ்சள் புகை வருகிற நேரம் பார்த்து ஆண்கள் மதிலோரம் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், ஆரத்தி ஒற்றிக்கொள்வது மாதிரி. “நல்லா மோந்துக்கடா ராசா” என்று ஒருத்தர் காப்பைக் கொஞ்சினார். அந்த மாதம் பேட்டை சந்தோஷமாக இருந்தது. நாற்றம் அடிக்க அடிக்க, வீடு கிட்டே வருகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது வேன் வந்தது. முதல் காப்பு நூர்ஜகானுடையது. பச்சை. அடுத்தது பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. செண்பகத்துக்குப் பச்சை. வரிசை முழுக்கப் பச்சை. வளர்மதி காப்பைக் கழற்றி நீட்டினாள். மெஷின் இந்தத் தடவை யோசிக்கவேயில்லை. மணி பச்சையாக எரிந்தது. கையோடு போனில் ஒரு வாழ்த்துச் செய்தியும் வந்தது: ‘உங்கள் நலம் மேம்பட்டுள்ளது. இந்தப் பழக்கத்தைத் தொடருங்கள்.’

“மேடம், மெஷின் ரிப்பேரா?” என்று கேட்டாள்.

ரிதன்யா கணினியைப் பார்த்தார். அவர் முகம் வாடியது. “ரிப்பேர் இல்லைங்க. போன மாசத்தைவிட மத்த எல்லாருக்கும் அளவு ரொம்ப ரொம்பக் கூடியிருக்கு. நாப்பது, அம்பது மடங்கு.”

“அப்புறம் எப்படிப் பச்சை?”

“இது... பக்கத்து வீடுகளோட ஒப்பிட்டுத்தான் நிறம் காட்டும். அந்தப் பகுதிக்குன்னு ஒரு சராசரி இருக்கும்ல? அதைவிட ஒருத்தருக்கு ரொம்ப அதிகமா இருந்தாத்தான் சிவப்பு. போன மாசம் நீங்க மட்டும் தனியாத் தெரிஞ்சீங்க. இப்ப எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்க. அப்படின்னா அது உங்க பகுதிக்கு இயல்புன்னு மெஷின் எடுத்துக்குது.”

ஊரோடு ஒத்து வாழ் என்பதை மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“ஏன் மேடம் அப்படி வெச்சாங்க?” என்று கேட்டான் வேலாயுதம். “இவ்வளவு இருந்தா விஷம்னு ஒரு கணக்கு இருக்கும்ல? அதை வெச்சுப் பார்க்கலாமே.”

“நானும் கேட்டேங்க,” என்றார் ரிதன்யா மெல்ல. “அப்படிப் பார்த்தா பேட்டை மொத்தமும் சிவப்பாயிடுமே, அத்தனை பேரை எங்கே கொண்டுபோறதுன்னு சொன்னாங்க.”

“அந்துருண்டை அவ்வளவு இருந்துச்சே, அதுக்கு ஏன் அப்ப சிவப்பு வரலை?” இது செண்பகம்.

“வீட்டுச் சாமான் கணக்குல வராதுங்க. அது உங்க சொந்த விருப்பம்.”

வளர்மதிக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வேனை, மெஷினை, வாயால் மூச்சு விடுகிற அந்தப் பெண்ணை, எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ள வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகிழ், “எப்பம்மா மலைக்குப் போறோம்?” என்று கேட்டாள். அப்போதுதான் அழுதாள். வேலாயுதம் மகிழைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. ஊருக்கு நல்லது செய்யப் போய்ப் பெற்ற பிள்ளையின் மூச்சைத் தானே பிடுங்கிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த வாரம் மகிழை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காப்பு பச்சையாகத்தான் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செண்பகத்தின் வீட்டுக்கு வரச்சொல்லி எல்லோருக்கும் சேதி வந்தது. போனால், சீட்டுக் கூடுகிற நாள் மாதிரி பாய் விரித்திருந்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செண்பகம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

“எல்லாரும் ஒண்ணாப் போட்டா எல்லாருக்கும் பச்சை. ஒருத்தர் மட்டும் போட்டா அவருக்குச் சிவப்பு. அவ்வளவுதானே விஷயம்? இதுக்கு எதுக்கு ஒப்பாரி? இது நம்ம சீட்டு மாதிரிதானே. எல்லாரும் சேர்ந்து போடறோம், ஒரு தடவைக்கு ஒருத்தர் எடுக்கறோம். ஒரு வீடு காப்பைக் கையில மாட்டிக்கிட்டுத் திரியட்டும். மத்த வீடு எல்லாம் காப்பைக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சிடணும். தனியா நிக்கிற வீடு சிவப்பாகும், சாவி வாங்கும், கிளம்பும். அப்புறம் அடுத்த வீடு.”

உட்கார்ந்திருந்தவர்கள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள்.

“ஏன்னு கேக்க மாட்டாங்களாக்கா?” என்றாள் நூர்ஜகான்.

“மாட்டாங்க. ஒவ்வொரு வீடாப் போனா அவங்களுக்கு அது சாதனை, போட்டோ எடுத்துப் போடுவாங்க. மொத்தமாக் கேட்டாத்தான் கலவரம்.”

“பீரோ இல்லாதவங்க?”

“என் பீரோ பெரிசு. கொண்டாந்து குடுங்க. அந்துருண்டையும் நானே போடறேன். வேப்பிலைப் பையை மட்டும் உள்ள வெச்சிடாதீங்க, அது கம்பெனி சரக்கு, நம்பக் கூடாது.”

சிரித்தார்கள். பிறகு எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததை ஒருவர் கேட்டார். “முதல் சீட்டு யாருக்கு?”

சீட்டில் ஒரு முறை உண்டு. பிடிக்கிறவருக்குத்தான் முதல் சீட்டு. பொறுப்பை ஏற்கிறவருக்கு அது கூலி. செண்பகம் எத்தனையோ வருஷமாகச் சீட்டுப் பிடித்து, ஒரு தடவைகூட அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததில்லை. சொந்தத் தங்கச்சி கேட்டே கொடுத்ததில்லை என்று பேட்டையில் அதற்கொரு சண்டையும் உண்டு.

“முதல் சீட்டு மதிக்கு,” என்றாள் செண்பகம். “அடுத்தது நூர்ஜகான். மாமனார் தாங்க மாட்டாரு. அப்புறம் கைக்குழந்தை இருக்கிற வீடு. மீதிக்குக் குலுக்கிப் போட்டுக்கலாம். கடைசி எனக்கு.”

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் மனசுக்குள் கணக்கு ஓடியது. ஒவ்வொரு வீடாகப் போய், கடைசியில் ஒரே வீடுதான் மிஞ்சும். ஒப்பிடப் பக்கத்தில் வீடே இருக்காது. அந்த வீட்டின் அளவுதான் சராசரி. எவ்வளவு விஷம் ஏறினாலும் அந்தக் காப்பு பச்சையாகவே எரியும்.

கூட்டம் கலைந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. “அக்கா, கடைசியா நிக்கிற வீட்டுக்குச் சிவப்பே வராது.”

“கணக்குத் தெரியாமலா இத்தனை வருஷம் சீட்டுப் பிடிக்கிறேன்?”

“அப்புறம் ஏன்க்கா?”

“அவசரப்பட்டு முன்னால எடுக்கிறவங்க பணத்துல கொஞ்சம் தள்ளிக் கழிச்சுத்தான் எடுப்பாங்க. கடைசிச் சீட்டுக்குத் தள்ளு கிடையாதுடி. முழுசா வரும்.” வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “குழாயடியில நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் மலையில இருந்திருப்பே. எங்களுக்காகத்தானே திறந்தே? போ, போய்ப் புள்ளையைப் பாரு. ஆனா ஒண்ணு. சீட்டை எடுத்துட்டுக் கட்டாம ஓடறவளை எனக்குப் பிடிக்காது.”

“நான் என்னக்கா கட்டணும்?”

“மாசாமாசம் போன் போடு. மகிழ் மூச்சு விடறதை நான் கேட்கணும். அதான் தவணை.”

இரண்டு வேன் வந்து போயிற்று. இரண்டு தடவையும் பேட்டை முழுக்கப் பச்சை, வளர்மதிக்கு மட்டும் சிவப்பு. அதிகாரி ஒருவர் வந்து சாவி கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். ‘அறிவியல் அடையாளம் கண்ட ஒரே குடும்பம்’ என்று பேப்பரில் வந்தது. பின்னால் நின்று கைதட்டிய பேட்டை ஜனங்களின் மீது அந்துருண்டை வாசம் வீசியது.

மலையடிவாரத்து வீட்டில் முதல் மாதம் முடிந்த அன்று, காலைப் பலகாரம் ஆனதும் வளர்மதி போன் போட்டாள்.

“நெஞ்சுகிட்ட வைடி,” என்றாள் செண்பகம்.

மகிழ் சட்டையைத் தூக்கிப் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கிச்சுக்கிச்சு மூட்டியது போலிருக்கிறது, சிரித்தாள். பிறகு அம்மா சொன்னபடி இழுத்து மூச்சு விட்டாள். விசில் இல்லை. “இன்னொரு தடவை,” என்றது அந்தப் பக்கம். மகிழ் மறுபடி இழுத்து விட்டாள்.

“ம். வரவு வெச்சாச்சு,” என்றாள் செண்பகம் கடைசியில். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

“என்னக்கா இப்படி இருமறே? உன் காப்பு என்ன சொல்லுது?”

“அதுக்கென்ன, ஜம்முனு பச்சையா எரியுது. ரெண்டாவது யூனிட்ல நேத்துத்தான் பூஜை போட்டாங்க. எங்களுக்கெல்லாம் பொங்கல் குடுத்தாங்க. சரி, வை. நூர்ஜகானைத் தவிர எவளாவது காப்பைக் கையில போட்டுக்கிட்டுத் திரியறாளான்னு பார்க்கணும்.”

ஆனால் செண்பகம் போனை அணைக்க மறந்துவிட்டாள். இருமல் தொடர்ந்து கேட்டது. வளர்மதியும் வைக்கவில்லை. வெளியே மகிழ் யாரையோ துரத்திக்கொண்டு ஓட, அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்த இருமல் அடங்குகிற வரைக்கும் முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.